இலை இருக்கு, பூ இல்லை: வீட்டு ஆர்க்கிட்டை மறுபடி பூக்க வைப்பது எப்படி

சீனப் பெருநாள் கழிந்து மூன்று நான்கு மாதம் ஆனதும் மலேசியாவின் பேராக்கில் எங்கள் தாப்பா பக்கம் இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். கோயிலில் பார்த்தால் கேட்பார்கள், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் காய்கறி வாங்க நின்றால் கேட்பார்கள். "அக்கா, பெருநாளுக்கு வாங்கின ஆர்க்கிட் நல்லாத்தான் இருக்கு, ஆனா பூவே காணோம். என்ன பாஜா போடணும்?"

உரத்தைப் பற்றிக் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. எந்தச் செடி, எந்த இடத்தில் இருக்கிறது, வேர் எப்படி இருக்கிறது என்று மூன்றையும் விசாரித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. இருபது வருடமாக வாசலில் ஆர்க்கிட் வளர்க்கிறேன். என் செடிகளும் சரி, அக்கம்பக்கத்தார் தூக்கிக்கொண்டு வந்த செடிகளும் சரி, உரம் பற்றாமல் பூக்காமல் நின்றவை ஒன்றிரண்டுகூடத் தேறாது. வெளிச்சம் போதாமல் நின்றவைதான் பாதிக்கு மேல். மீதி வேர் அழுகியவை, இல்லாவிட்டால் நம் ஊர்ச் சூடு ஒத்துக்கொள்ளாதவை.

அதனால் முதலில் செடியை அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். அகலமான, தடித்த இலைகள் நான்கைந்து தரையோடு படிந்து, நடுவிலிருந்து வளைந்த காம்பில் வண்ணத்துப்பூச்சி மாதிரி பூத்திருந்தால் அது ஃபலனோப்சிஸ். கரும்பு போலக் கணுக்கணுவாக நிமிர்ந்த தண்டுகள், மேல்பாதியில் இலைகள் என்றால் டென்ட்ரோபியம். கல்யாண மாலையில் ஊதாவும் வெள்ளையுமாகக் கட்டுகிறார்களே, அந்தச் சோனியா இந்த இனம்தான். ஒரே தண்டு மேலே மேலே போய்க்கொண்டு, பக்கவாட்டில் தடித்த வேர்கள் காற்றில் தொங்கினால் வண்டா. மூன்றுக்கும் மூன்று குணம். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் பலன் இருக்காது.

ஃபலனோப்சிஸ்: இலை செழிப்பாக இருக்கிறது, வருடம் போயும் பூக்காம்பு எட்டிப் பார்க்கவில்லை

உங்கள் வளர்ப்பில் குறை இல்லாமலே இது நடக்கும். மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். சில நாள் விடியற்காலையில் வெட்டுக்குப் போகும்போது, பால்மரங்களின் கிளையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, நிரை முழுக்க மணந்துகொண்டிருக்கும் என்பார். புறா ஆர்க்கிட் அது. மலாய்க்காரர்கள் அங்கிரிக் மெர்பாத்தி என்பார்கள். மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே தூங்கிவிடும். நல்ல வெயிலுக்குப் பிறகு கனமழை கொட்டி, சூடு சட்டென்று ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் விழித்துக்கொள்ளும். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள், அந்த வட்டாரத்தில் உள்ள அத்தனை செடியும் ஒரே காலையில் பூக்கும். மறுநாள் வாடிவிடும். "பெரிய மழை பெஞ்சு ஒன்பது நாளாச்சு, பாரு" என்று அம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்வதைச் சிறு வயதில் கேட்டிருக்கிறேன்.

ஆர்க்கிட்டுக்குக் குளிர்ச்சி ஒரு சைகை என்பது அதிலிருந்தே விளங்கும். ஃபலனோப்சிஸுக்கும் அப்படித்தான், ஆனால் ஒரு மழை போதாது. கடையில் விற்கும் பெரிய பூக் கலப்பினங்கள் பூக்காம்பு விட, பல வாரம் தொடர்ந்து ஏறத்தாழ 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். பகலில் பல மணி நேரம் 29 டிகிரியில் நின்றாலே காம்பு விடாமல் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். தாப்பாவில் மத்தியானம் 32, 33 சாதாரணம். இங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் தானா ராத்தா. அங்கே பகலிலேயே சூடு இருபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும், இரவில் பதினைந்து பதினாறுக்கு இறங்கும். நாம் வாங்கும் செடி மலையிலோ குளிரூட்டிய கூடாரத்திலோ காம்பு விட்டு, மொட்டு கட்டிய பிறகு கீழே வந்தது. விட்ட பூ நம் சூட்டிலும் இரண்டு மூன்று மாதம் நிற்கும். அடுத்த காம்பை உண்டாக்கத்தான் நம் ஊர்க் காற்றால் முடிவதில்லை.

செய்யக்கூடியவை உண்டு. மலைமேல் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ சொந்தக்காரர் இருந்தால், ஆரோக்கியமான செடியை அவர் வீட்டு வாசலில் ஆறு வாரமாவது விட்டு வையுங்கள். வெயில் நேரே படாத, வெளிச்சமுள்ள இடம். இலைக்கக்கத்தில் புதிதாக ஒன்று முளைக்கும். நுனி உருண்டு பளபளவென்று இருந்தால் அது வேர். சற்றுத் தட்டையாக, கட்டைவிரலை ஒட்டி மூடிய கை போல இருந்தால் பூக்காம்பு. காம்பைக் கண்டவுடன் ஆசைப்பட்டு இறக்கிவிடாதீர்கள். இளங்காம்பு சூட்டில் மாட்டினால் அப்படியே நின்றுவிடும், சில சமயம் பூவுக்குப் பதில் குட்டிச் செடி விடும். மொட்டுகள் பட்டாணி அளவுக்குத் தெரிந்த பிறகு கொண்டு வந்தால் பயமில்லை.

மலைக்கு வழியில்லாதவர்கள் வருடக் கடைசியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் மேகமுமாக இருக்கும் வாரங்களில், வீட்டின் வடக்குப் பக்கம், காற்றோட்டமான இடத்தில் செடியை வையுங்கள். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவர் குளிர்ந்திருக்கும். எல்லாச் செடியும் கேட்காது. என் அனுபவத்தில் சிறு பூ விடும் வகைகள் கேட்கின்றன, பெரிய வெள்ளைப் பூக்காரி அசைவதில்லை. ஏர்கோன் அறையில் இரவு மட்டும் வைத்து எடுப்பதை நான் சொல்ல மாட்டேன். பகல் சூடு அந்தப் பலனை அழித்துவிடும், காய்ந்த காற்றும் இலையைச் சுருக்கும்.

நான் மனதாரச் சொல்லும் வழி வேறு. நம் காட்டுச் சூட்டிலேயே பிறந்த ஃபலனோப்சிஸ் வகைகள் இருக்கின்றன. தீபகற்பத்துக்கும் சுமத்ராவுக்கும் உரிய வயலேசியா, போர்னியோவுக்கு உரிய பெல்லினா. பூ சிறியது, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டுதான் விரியும். ஆனால் வாசனை வாசல் வரை வரும், குளிருக்குக் காத்திருக்காது. அதன் காம்பு பச்சையாக இருக்கும்வரை வெட்டவே கூடாது; அதே நுனியில் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பூக்கும். காட்டிலிருந்து பிடுங்கி வந்து சாலையோரம் விற்பதை வாங்காதீர்கள். நர்சரியில் வளர்த்தது கிடைக்கிறது, அதுதான் பிழைக்கவும் செய்யும்.

இலை தொய்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் தொய்கிறது

பெருநாள் ஜாடியில் வரும் செடிகளுக்கு வரும் கேடு இது. அழகான பீங்கான் ஜாடி, ஐந்தாறு காம்புகள், மேலே பாசி பரப்பி சிவப்பு ரிப்பன். அதை ஒரே செடி என்று நினைத்துவிடுகிறோம். மேல்பாசியை விலக்கிப் பாருங்கள். ஒவ்வொரு காம்புக்கும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை அல்லது தொட்டி, உள்ளே வேரைச் சுற்றி இறுக்கிய பாசி. ஜாடிக்கு அடியில் ஓட்டை இருக்காது. ஊற்றிய தண்ணீர் கீழே தேங்கி, வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் குடிக்க முடியாது, அதனால் இலை சுருங்கும். இலை சுருங்குகிறதே என்று நாம் மேலும் ஊற்றுவோம்.

பூ இருக்கும்வரை சின்னத் தொட்டிகளை ஜாடியிலிருந்து எடுத்துத் தனித்தனியாக நனைத்து, வடியவிட்டு வையுங்கள். பூ முடிந்ததும் மாற்றி நட்டுவிட வேண்டும். மலைக் குளிருக்கு அந்தப் பாசி சரி. நம் சூட்டில், அதுவும் மழைக்காலத்தில், அது காயாமல் புளித்துப்போகும்.

மாற்றுவது இப்படி. பாசியை விரலால் மெதுவாகப் பிய்த்து எடுங்கள். ஒவ்வொரு வேரையும் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, காய்ந்தால் வெள்ளியாகவும் நனைந்தால் பச்சையாகவும் மாறுவது உயிருள்ள வேர். பழுப்பாக, அமுக்கினால் தண்ணீர் விட்டு, மேல்தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் நின்றால் செத்த வேர். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி ஆறவிட்டு, செத்ததை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய வாயில் இலவங்கப்பட்டைத் தூள் துளி வைக்கலாம். நல்ல வேர் மேல் அதைத் தூவாதீர்கள், வேரையும் காயவைத்துவிடும்.

தொட்டிக்குப் பக்கமெல்லாம் ஓட்டையுள்ள மண்தொட்டிதான் நம் ஊருக்குப் பொருத்தம். உள்ளே போட அடுப்புக் கரி. பேராக்கில் நமக்கு அதற்குக் குறையே இல்லை. குவாலா செபெத்தாங் சூளைகளில் கண்டல் மரத்தை எரித்து எடுக்கும் கரி கெட்டியாக, வருடக்கணக்கில் நொறுங்காமல் இருக்கும். மருந்து கலந்து அச்சில் வார்த்த பார்பிக்யூ கரியை வாங்கிவிடாதீர்கள். கட்டைவிரல் அளவுக்கு உடைத்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, செங்கல் துண்டோடு கலந்து போடுங்கள். செடியைப் புதைக்க வேண்டாம், வேரைப் பரப்பி உட்காரவைத்து, ஆடாமல் ஒரு குச்சியோடு கட்டினால் போதும். ஆடிக்கொண்டிருக்கும் செடி வேர் பிடிக்காது. புது வேரின் நுனி உரசி உரசியே காய்ந்துவிடும். ஃபலனோப்சிஸைச் சற்றுச் சாய்த்து நட்டால் குருத்தில் மழைத்தண்ணீர் நிற்காது.

முதல் நான்கைந்து நாள் தண்ணீர் வேண்டாம், நிழலில் விடுங்கள். அப்புறம் காலையில் மட்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், வேருக்கும் கேடு, ஏடிஸ் கொசுவுக்கும் வீடு. இந்தச் செடி இந்த வருடம் பூக்காது. புது வேர் நான்கைந்து, புது இலை இரண்டு வந்த பிறகுதான் பூவைப் பற்றி யோசிக்கும்.

டென்ட்ரோபியம்: தண்டு உயரமாக, இலை கரும்பச்சையாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை

கரும்பச்சையைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். ஆர்க்கிட்டில் அது பசியின் நிறம். வெளிச்சம் போதாதபோது, கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள இலை கறுத்துப் பெரிதாகும். நன்றாக வெளிச்சம் குடிக்கும் டென்ட்ரோபியத்தின் இலை இளமஞ்சள் கலந்த பச்சையாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் அதுதான் பூக்கும்.

பக்கத்து வரிசையில் ஓர் அக்கா சோனியா வைத்திருந்தார். இரண்டு வருடம், ஒரு பூ இல்லை. தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் கார் நிறுத்தும் கூரைக்கு அடியில், சுவரோரமாக, செருப்பு அலமாரி மேல் இருந்தது. நமக்கு அங்கே வெளிச்சமாகத்தான் தெரியும். கண் பழகிக்கொள்ளும், செடி பழகாது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இலைக்கு ஒரு முழம் மேலே கையை நீட்டிப் பார்க்கச் சொன்னேன். நிழலே விழவில்லை. அவ்வளவுதான் சோதனை. நிழல் விளிம்பு மங்கலாக விழுந்தால் ஃபலனோப்சிஸுக்குச் சரி. விரல்கள் பிரிந்து தெளிவாகத் தெரிந்தால் டென்ட்ரோபியத்துக்குச் சரி. கத்தியால் வெட்டியது போல் நிழல் விழுந்தால் வண்டாவுக்குச் சரி.

தொட்டியைக் கூரை விளிம்புக்கு, கிழக்கு வெயில் பதினொரு மணி வரை படுமிடத்துக்கு மாற்றினோம். ஒரே நாளில் இல்லை. நிழலில் கிடந்த இலை திடீர் வெயிலில் வெந்து வெள்ளைத் திட்டு விழும், அந்தத் தழும்பு இலை உதிரும்வரை போகாது. ஒவ்வொரு வாரமும் ஓரடி நகர்த்தி, ஒரு மாதத்தில் விளிம்புக்கு வந்தது. உங்கள் வாசல் மேற்கு பார்த்தது என்றால் பிற்பகல் வெயில் கடுமை. பாதி வெயிலைத் தடுக்கும் கறுப்பு வலை கட்டுங்கள். மத்தியானம் இலையைத் தொட்டுப் பார்த்துக் கை சுடும் அளவுக்கு இருந்தால், வெயில் அதிகம் அல்லது காற்று போதாது.

அந்தச் செடி பழைய தண்டுகளில் பூக்கவில்லை. அடியிலிருந்து புதிதாக ஒரு முளை கிளம்பி, முழுத் தண்டாக முற்றி, நுனி இலை விரிந்த பிறகு, மேல்கணுவில் காம்பு விட்டது. நகர்த்தியதிலிருந்து ஏழாவது மாதம். காம்பு தெரிந்து பூ விரிய இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம். பொறுக்கத்தான் வேண்டும், இடையில் மறுபடி இடம் மாற்றாதீர்கள்.

இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டைப் பலர் வெட்டிவிடுகிறார்கள். பச்சையாக, கெட்டியாக இருக்கும்வரை அது செடியின் உண்டியல். புதுத் தண்டுக்குத் தண்ணீரும் சத்தும் அதிலிருந்தும் போகும், சில சமயம் அந்த மொட்டைத் தண்டே பூக்கும். மஞ்சளாகி, சுருங்கி, அமுக்கினால் உள்வாங்கும்போது எடுத்தால் போதும்.

பூ வரவேண்டிய கணுவில் குட்டிச் செடி வருகிறது

மேல்கணுவில் இலையும் வெள்ளை வேருமாக முளைப்பது பூக்காம்பு இல்லை, குட்டி. ஒன்றிரண்டு வந்தால் இயல்பு. தண்டுக்குத் தண்டு வந்தால் நிழல் அதிகம், தழைச்சத்து அதிகம், அல்லது அடிவேர் கெட்டுவிட்டது. செடி தன் வாரிசைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. முதலில் தொட்டியை உருவி வேரைப் பாருங்கள். குட்டியின் வேர் விரல் நீளம் வந்ததும் திருகி எடுத்துச் சின்னத் தொட்டியில் வையுங்கள். வளர்ந்து பூக்க வருடம் இரண்டு ஆகும்.

மொட்டு வருகிறது, விரியாமல் மஞ்சளாகி விழுகிறது

இதுதான் மனதை மிகவும் நோகடிப்பது. பல மாதம் காத்திருந்து கையருகே வந்தது போய்விடும். காரணம் தேடும்போது முதலில் விழுந்த மொட்டைக் கையில் எடுங்கள், குப்பையில் போடாதீர்கள்.

நகத்தால் மொட்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே ஊசிமுனை போல வெள்ளையும் மஞ்சளுமாகச் சிறு புழுக்கள் நெளிந்தால், அது மொட்டு ஈ. கொசுவைவிடச் சின்ன ஈ ஒன்று மொட்டு நுனியில் முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கும். புழு வளர்ந்ததும் கீழே விழுந்து மண்ணில் கூடு கட்டும், மூன்று நான்கு வாரத்தில் மறுபடி ஈயாக வரும். ஆகவே விழுந்த மொட்டைத் தரையில் விட்டால் நாமே வளர்ப்பது போல. கோணலாக, உப்பலாக, நிறம் மங்கலாக இருக்கும் எல்லா மொட்டையும் பறித்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கி முடிந்து குப்பைக்கு அனுப்புங்கள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு மாதம் இப்படிச் செய்தால் சுற்று அறுந்துவிடும். புழு மொட்டுக்குள் ஒளிந்திருப்பதால் மேலே அடிக்கும் மருந்து பெரும்பாலும் அதைத் தொடாது. அக்கம்பக்கத்திலும் டென்ட்ரோபியம் இருந்தால் சேர்ந்து செய்யுங்கள்.

புழு இல்லை, ஆனால் இதழோரம் பழுப்பாக, வெள்ளிக்கோடு இழுத்தது போல் இருந்தால் இலைப்பேன். வெள்ளைத்தாள் மேல் காம்பைத் தட்டினால் கீற்றுக்கீற்றாக ஓடும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்து, சாயங்காலம் இலையடி, கணு, மொட்டு எல்லாம் நனையத் தெளித்து, மறுநாள் காலை கழுவிவிடுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை.

மொட்டையும் பூவையும் மென்று குதறியிருந்தால் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆரஞ்சு மஞ்சளில் வழவழவென்று ஒரு சின்ன வண்டு இருக்கும். தொட்டால் பொத்தென்று கீழே விழுந்து மறைந்துவிடும், அதனால் ஒரு கையை அடியில் ஏந்திக்கொண்டு மறு கையால் தட்டுங்கள். அதன் புழு தன் எச்சத்தையே சளி போல முதுகில் போர்த்திக்கொண்டிருக்கும். கைக்காகிதத்தால் வழித்து எடுங்கள்.

பூச்சி எதுவுமே இல்லையென்றால் சூழ்நிலையைப் பாருங்கள். வெளியே மொட்டு விட்ட செடியை அழகுக்காக வீட்டுக்குள் கொண்டு வந்தீர்களா? ஏர்கோனுக்கு அடியில் வைத்தீர்களா? சாப்பாட்டு மேசையில் பழுத்த வாழைப்பழத்துக்குப் பக்கத்திலா? பழம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயு வெளியாகும், அது மொட்டை முதுமையாக்கி உதிர்க்கும். புகையிலும் அது உண்டு. சாமி மேடை பக்கத்தில் வைத்துத் தினமும் சாம்பிராணி போடும் வீடுகளில் மொட்டு நிற்காததைப் பார்த்திருக்கிறேன். பூ விரிந்த பிறகு சாமிக்கு வையுங்கள், மொட்டாக இருக்கும்போது வெளியே இருக்கட்டும். 2015-இல் புகைமூட்டம் வாரக்கணக்கில் நின்றபோது என் வாசலில் அந்தச் சுற்று மொட்டு பெரும்பாலும் உதிர்ந்தது. அப்படிப்பட்ட நாட்களில் காலையில் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவதைத் தவிர அதிகம் செய்ய முடியவில்லை.

வண்டா: ஆள் உயரம் வளர்ந்தும் பூவில்லை

வண்டா என்ற பெயரே சமஸ்கிருதத்திலிருந்து போனது. மரத்தில் ஒட்டி வளரும் செடிக்கு அங்கே வந்தாக என்று பெயர்.

இலை பென்சில் போல உருண்டிருக்கும் வகைக்கு முழு வெயில் வேண்டும், நிழல் என்பதே ஆகாது. சிங்கப்பூர் 1981-இல் தேசிய மலராக அறிவித்த வண்டா மிஸ் ஜோக்கிம் இந்த வகை. 1893-இல் பதிவான அந்தக் கலப்பினத்தின் தாய்தந்தையில் ஒன்று நம் கிந்தா பள்ளத்தாக்கின் சதுப்பில் மண்டிக் கிடந்ததால், அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே கிந்தாக் களை. களை மாதிரி வெட்டவெளியில் வளர்ந்த செடியைக் கூரைக்கடியில் வைத்தால் எப்படிப் பூக்கும்? திறந்த இடத்தில் கம்பு நட்டுக் கட்டுங்கள். நுனி கம்பைத் தாண்டி மேலே போன பிறகுதான் நன்றாகப் பூக்கத் தொடங்கும். அதனால் செடி வளர வளர கம்பை உயர்த்திக்கொண்டே போகாதீர்கள். அடித்தண்டு மொட்டையாகிவிட்டால், வேர் உள்ள இடமாகப் பார்த்து மேல்பாதியை வெட்டி நடலாம்.

பட்டை இலை வண்டாவுக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிழல் தேவை. கூடையில் வேர் தொங்க வளர்ப்பது அது. மழையில்லாத நாளில் காலையில் ஒரு தடவை, வெயில் ஏறிய பிறகு ஒரு தடவை என்று இரண்டு முறை வேர் முழுக்கப் பச்சையாகும்வரை ஊற்றுங்கள். ஒரு மைலோ டின் தண்ணீரைச் சட்டென்று கொட்டிவிட்டுப் போனால் வேர் நனையாது. சில நிமிடம் விட்டு மறுபடி ஊற்ற வேண்டும்.

குருத்து கறுத்து, இழுத்தால் கையோடு வருகிறது

மழை மாதங்களில் ஒரே வாரத்தில் செடியைக் கொண்டுபோகும் கருப்பழுகல். தண்ணீரில் ஊறியது போல ஒரு புள்ளி, ஓரம் மஞ்சள், அப்புறம் கறுப்பு. பெரும்பாலும் ஃபைட்டோஃப்தோரா பால்மிவோரா என்ற கிருமி. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. மழைக்காலத்தில் பால் வெட்டும் பட்டையில் கருங்கோடு விழவைக்கும் கூட்டத்தில் இதுவும் ஒன்று. டுரியான் மரத்துப் பட்டைப்புண்ணும் இதன் வேலைதான். தண்ணீரில் பரவுவது, ஆகவே ஈரம் தங்கும் இடமெல்லாம் அதற்குப் பாதை.

கண்ட அன்றே செடியைத் தனியாக எடுங்கள். கத்தியை நெருப்பில் காட்டி, கறுப்புக்கு ஒரு விரற்கடை கீழே, வெள்ளையான நல்ல சதை தெரியும்வரை வெட்டுங்கள். வெட்டுக்கு வெட்டு கத்தியைச் சுட வேண்டும். இரண்டு வாரம் மழை படாமல், காற்றாட, உலர வையுங்கள். ஃபலனோப்சிஸின் நடுக்குருத்தே போய்விட்டால் பெரும்பாலும் பிழைக்காது. அபூர்வமாக அடியிலிருந்து பக்கக்குருத்து விடும், ஒரு மாதம் பார்க்கலாம். டென்ட்ரோபியம் ஒரு தண்டை இழந்தாலும் மீளும்.

பூவில் பழுப்புக் கோடு, நிறம் திட்டுத்திட்டாக

ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வந்தால் வைரஸாக இருக்கலாம். மருந்து கிடையாது. ஒரே கத்தியால் செடிக்குச் செடி வெட்டுவதால்தான் இது பரவுகிறது. அந்தச் செடியைத் தூர வைத்துவிடுங்கள், என்னைக் கேட்டால் எரித்துவிடுவது நல்லது.

எல்லாம் சரியாக இருக்கிறது, இன்னும் பூவில்லை

இப்போது உரத்துக்கு வருவோம். வெளிச்சமும் வேரும் சரியான செடிக்குத்தான் உரம் வேலை செய்யும். பொட்டலத்தில் தழை, மணி, சாம்பல் சத்து என்று வரிசையாகப் போட்டிருக்கும் மூன்று எண்ணும் சமமாக இருக்கும் 21-21-21 போன்ற கரையும் உரத்தை, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி, வாரம் ஒரு தடவை, வேர் நனைந்திருக்கும் காலை நேரத்தில் தெளியுங்கள். புதுத் தண்டு முற்றியதும் முதல் எண் குறைந்து கடைசி எண் கூடியதாக மாற்றிக்கொள்ளலாம். நடு எண் பெரிதாகப் போட்ட பூ உரப் பொட்டலங்கள் அற்புதம் எதுவும் செய்வதை நான் பார்த்ததில்லை. மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரை நிறைய ஊற்றிக் கரியைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அதில் உப்பு படிந்து வேர் நுனி கருகும்.

செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்குப் போடும் குருணை உரத்தைத் தயவுசெய்து தொட்டியில் போடாதீர்கள். தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர் அன்பாக ஒரு பொட்டலம் கொடுத்தார் என்று ஓர் அம்மா தன் ஆறு டென்ட்ரோபியத்துக்கும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுவிட்டார். பத்து நாளில் பச்சை வேர் நுனியெல்லாம் கறுத்து, இலை நுனி காய்ந்துவிட்டது. குருணையைப் பொறுக்கி எடுத்து, தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவி நான்கைக் காப்பாற்றினோம். அரிசி கழுவிய தண்ணீர் அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆனால் கரியில் தங்கிப் புளித்தால் எறும்பும் பூஞ்சையும் சேரும், எறும்பு வந்தால் மாவுப்பூச்சியும் வரும்.

காம்பு தெரிந்த பிறகு

தொட்டியைத் திருப்பாதீர்கள். காம்பு வெளிச்சத்தைப் பார்த்து வளையும். திருப்பத் திருப்ப மொட்டுகள் முறுக்கிக்கொண்டு ஆளுக்கொரு திசை பார்க்கும். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு தடவை போய் நத்தை பாருங்கள், இளங்காம்பின் நுனி அதற்கு மிகப் பிடிக்கும். காம்பு ஒரு சாண் வந்ததும் குச்சி ஊன்றி, நூலை எட்டு வடிவில் தளர்த்திக் கட்டுங்கள்.

பூ உதிர்ந்த பின் டென்ட்ரோபியத்தின் காம்பு காய்ந்தால் அதை மட்டும் எடுங்கள், தண்டைத் தொடாதீர்கள். ஃபலனோப்சிஸ் என்றால் இலையைப் பாருங்கள். நான்கைந்து கெட்டியான இலை இருந்தால் காம்பின் அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், அதே காம்பில் பக்கக்கிளை விட்டுச் சில பூ தரும். இலை தொய்ந்திருந்தால் காம்பை அடியோடு வெட்டி, செடியை வேர் விட விடுங்கள்.